கோப்புக்குள் ஒரு விளைநிலம்



கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கான வேலைகள் தொடங்கிவிட்டன. லோயர் கேம்ப்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைக்க வேண்டும். நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் இந்த நேரத்தில், நூறு வருடத்துக்கு முந்தைய கல்லூரி முதல்வர்களின் ஆவணங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். விதைக்கும் அந்தக் காகிதங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் வீட்டு நெல்லின் பூர்வீகமே அவற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை முழுவதுமாக அவற்றுக்குக் கொடுக்கிறேன்.

அன்றைய சென்னை மாகாணத்தில் விவசாயப் படிப்பு சைதாப்பேட்டையில் பிறந்தது. 1860களில் ஒரு சோதனைப் பண்ணை உருவானது, அதையொட்டி ஒரு பள்ளியும் நடந்தது. 1906இல் அந்தக் கல்வி கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் செங்கல் நிறப் பழைய கட்டடம் அந்தக் காலத்தில் எழுந்ததுதான். 1920இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1971இல் தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கும், வைகை அணை வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும், ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கும் தாய்வீடு அதுவே.

அந்தக் கல்லூரியின் ஆரம்பகால முதல்வர்களில் ஒருவர் ஆர். செசில் வுட். கல்லூரி முதல்வர் பதவியோடு மத்தியப் பண்ணையின் பொறுப்பும் அவர் கையில் இருந்தது. பாடம் நடத்துவது, உழவு மாட்டுக்குத் தீவனம் வாங்குவது, எந்த வயலில் எந்த எரு போட்டோம், எத்தனை மூட்டை கண்டது என்று கணக்கு வைப்பது என எல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேரும். தென்னிந்திய விவசாயத்துக்குத் தேவையான எண்களையும் தகவல்களையும் திரட்டி அவர் ஒரு குறிப்பேட்டைத் தொகுத்தார். பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட் வெப்பமண்டல வேளாண் கல்லூரிக்குப் போனபோதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1933இல் வெப்பமண்டல விவசாயக் குறிப்பேடு ஒன்றை அங்கே வெளியிட்டார். கோவையில் கற்றுக்கொண்ட குறிப்பெடுக்கும் ஒழுக்கம் கடல் கடந்து கரும்புத் தீவுகளுக்கும் போயிருக்கிறது.

அவருக்குப் பின்னால் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களில் ராவ் பகதூர் சி. தாடுலிங்கம் என்ற தாவரவியலாளரை நாம் மறக்கக் கூடாது. ஜி. வேங்கடநாராயணாவுடன் சேர்ந்து அவர் எழுதிய தென்னிந்தியக் களைகள் பற்றிய கையேடு 1932இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. அதற்கு முன்பே, 1921இல், கோவையின் தாவரவியல் ஆசிரியர் கே. ரங்காச்சாரி தென்னிந்தியப் புற்களைப் பற்றி ஒரு கையேடு தந்திருந்தார். கோரையோடும் அருகோடும் ஒவ்வொரு போகமும் மல்லுக்கட்டும் நமக்கு, அவற்றின் வேரையும் பூவையும் கணுவையும் கோடுபோட்டு வரைந்து காட்டிய பாடநூல்கள் இவை.

ஒரு பழைய களைப் புத்தகத்தால் இன்று என்ன பயன் என்று கேட்கலாம். இன்று நம் வரப்பிலும் வண்டிப்பாதையிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் இந்தியாவில் கண்ணில் பட்டது 1950களில், பூனா பக்கத்தில். 1932ஆம் வருடக் கையேட்டில் அதற்கு இடம் இருக்க வழியே இல்லை. ஆக, எந்தக் களை நம் மண்ணோடு பிறந்தது, எது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்தறிய அந்தப் புத்தகம் ஒரு எல்லைக்கல். ஒரு காலத்தில் எது இருந்தது என்பதோடு, எது இல்லை என்பதையும் பழைய ஆவணம் சொல்லிவிடும். நினைவை நம்பினால் இது கிடைக்காது. பத்து வருடம் பார்த்துப் பழகிய செடியைத் தாத்தா காலத்துச் செடி என்று நம்பிவிடுவது மனித இயல்பு.

நம் நெல் வயலுக்கு வருவோம். ஒற்றை நாற்று நடவு என்றதும் உங்களுக்கு நினைவு வருவது எது? 14 நாள் நாற்று, ஏக்கருக்கு 3 கிலோ விதை, 22.5 செ.மீ. சதுர இடைவெளி, கோனோவீடர், காயவிட்டுப் பாய்ச்சும் தண்ணீர். திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் விரிவாக்க அலுவலர்கள் ஊர் ஊராக வந்து சொன்னது. மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லாலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் விவசாயிகளோடு இருந்து உருவாக்கிய முறை என்று அதன் வரலாற்றையும் சொன்னார்கள். அந்தப் பாதிரியாரின் உழைப்பை மதிக்கிறோம், அதில் குறைவில்லை.

ஆனால் கோவையில் நெல் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட டி. எம். தியாகராஜன் போன்றவர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது வேறொரு வரலாறும் மேலே வந்தது. 1910களிலேயே சென்னை மாகாண விவசாயத் துறை குத்துக்கு ஒற்றை நாற்று நடச் சொல்லிப் பிரசாரம் செய்திருக்கிறது. அதற்கும் ஒரு படி மேலாக, வைத்தியலிங்கம் பிள்ளை என்ற தமிழர் வரிசை விட்டு, தாராளமாக இடம் விட்டு நடும் ‘கஜ நடவு’ என்ற முறையை 1911இல் எழுதி வைத்திருக்கிறார். விதையைக் குறைத்து, பயிருக்கு வெளிச்சமும் காற்றும் கொடுத்து, தூர் கட்டவிடும் அதே யோசனை. மடகாஸ்கருக்கு எழுபது வருடம் முன்னால், நம் காவிரிச் சீமையிலும் அண்டை வயல்களிலும் பேசப்பட்ட யோசனை.

நடுவில் என்ன ஆனது? பேச்சு நின்றது, வயலில் வழக்கம் நின்றது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது. அந்தக் காகிதங்கள் மட்டும் அலமாரியில் இருந்தன. அவை இருந்ததால் இந்த முறையைப் பிறரிடம் கடன் வாங்கியதாக நினைத்துத் தலைகுனிய வேண்டியதில்லை. நம் முன்னோர் ஆரம்பித்து வைத்த ஒரு சோதனையை நாம் தொடர்கிறோம். தலைமுறை தாண்டிய இந்தத் தொடர்ச்சியை நமக்குத் திருப்பித் தந்தது ஆவணம்தான்.

இன்னொரு நெல்லின் வம்சாவளியைக் கேளுங்கள். 1912இல் கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. எஃப். ஆர். பார்னெல் அப்போது அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர். அந்தப் பதவியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜி.இ.பி. 24 என்று ஒரு ரகம் 1921இல் வெளிவந்தது. விவசாயிகள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று கூப்பிட்டார்கள். சன்ன அரிசி, நல்ல சோறு. திருவள்ளூர் பக்கத்துத் திரூர்குப்பம் நிலையத்தில் ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் கலந்து டி.கே.எம். 6 உருவாக்கினார்கள். தண்டுத் துளைப்பானைத் தாக்குப்பிடிக்கும் குணம் அதற்கு இருந்தது. அந்த டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. அங்கே அதைப் பெற்றோராக வைத்து உருவானது 1969இல் வந்த ஐ.ஆர். 20.

ஐ.ஆர். 20 நம் வீடுகளில் எத்தனை வருடம் உலையேறியது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். வெளிநாட்டு நெல் என்று சொல்லியே அதை வாங்கினோம், அதே பெயரில் திட்டவும் செய்தோம். அதன் பாட்டி கோவையில் இருந்தாள் என்பது கலப்பு விவரங்களைத் தேதிவாரியாக எழுதி வைத்த பதிவேடுகளால்தான் தெரிகிறது. எந்தச் செடியின் மகரந்தம், எந்தச் செடியின் சூல், எத்தனையாவது தலைமுறையில் எந்த வரிசை தேர்வானது என்று பென்சிலால் எழுதிய குறிப்பு இல்லாவிட்டால், நம் விதை நம்மைவிட்டுப் போய் வேறு பெயரில் திரும்பி வந்த கதையைச் சொல்ல யாராலும் முடியாது.

சப்பாத்திக்கள்ளி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு காலத்தில் தென் மாவட்டங்களின் புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் அந்தக் கள்ளி அடைத்துக்கொண்டிருந்தது. வெட்டினால் துண்டுக்கு ஒரு செடியாக முளைக்கும். 1926இல் இலங்கையிலிருந்து ஒரு மாவுப்பூச்சி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கள்ளியை மட்டும் தின்று, சில ஆண்டுகளில் பல்லாயிரம் ஏக்கரை விடுவித்தது. இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி சாயம் எடுப்பதற்காகப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை வரவழைத்தது. இனம் மாறிப்போய்ச் சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி, ஒருவகைக் கள்ளியை ஒழித்துக்கட்டியது. அந்த அனுபவம் எழுத்தில் இருந்ததால்தான் பின்வந்த பூச்சியியலாளர்கள் சரியான பூச்சியைத் தேடிப் போனார்கள்.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளைப் பஞ்சாக மூடியதே, ஞாபகம் இருக்கிறதா? மருந்து அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் பப்பாயே என்ற கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி, ஊர் ஊராக விட்டார்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அதனால் பிழைத்தார்கள். 1926க்கும் 2010க்கும் நடுவே எண்பத்துச் சொச்ச வருடம். வேலை செய்த யோசனை ஒன்றே. அடுத்த பூச்சி வரத்தான் போகிறது. அன்றைக்கு, எந்தப் பூச்சியை எப்படிச் சோதித்தார்கள், மற்ற பயிரைத் தொடாது என்று எப்படி உறுதி செய்தார்கள் என்ற பழைய குறிப்புகள் நமக்கு மறுபடி வேண்டியிருக்கும்.

வெற்றிகளையே சொல்லிக்கொண்டு போகிறேனே என்று நினைக்க வேண்டாம். கல்லூரி ஆவணங்களில் எனக்கு அதிகம் மதிப்பாகத் தெரிவது தோல்விகளின் பதிவு. சைதாப்பேட்டைப் பண்ணையில் இங்கிலாந்துப் பாணி இரும்புக் கலப்பைகளையும் கருவிகளையும் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள். நம் மாட்டின் பலமும் நம் மண்ணின் ஈரமும் வேறு என்பது காலப்போக்கில் தெளிவானது. மணற்பாங்கான அந்த இடமே மாகாணத்தின் விவசாயத்துக்கு மாதிரியாக முடியாது என்பதும் தெரிந்தது. 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியலாளர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893இல் அறிக்கை கொடுத்தார். நல்ல இந்திய விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்கு எந்த விதத்திலும் குறைந்தவரல்ல, சில விஷயங்களில் மேலானவர் என்று அதில் ஒத்துக்கொண்டார். ஆளவந்தவர்களின் சொந்த அறிக்கையிலேயே இது அச்சேறி இருக்கிறது.

எது விளையவில்லை என்ற செய்தி விவசாயிக்கு விளைந்த செய்தியைவிட விலை கூடியது. விற்பனைத் துண்டறிக்கையில் அது ஒருநாளும் வராது. கடைக்காரர் சொல்ல மாட்டார். தன் பெயர் கெடுமே என்று பக்கத்து வயல்காரரும் சொல்லத் தயங்குவார். நேர்மையான ஒரு பண்ணைப் பதிவேடுதான் சொல்லும். அந்த நேர்மைக்காகவே பழைய முதல்வர்களுக்கு நான் கைகூப்புகிறேன்.

அதே நேரத்தில், அந்தக் கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் வேண்டாம். அவை ஆங்கிலத்தில், அரசின் தேவைக்காக எழுதப்பட்டவை. வரிவசூலுக்கும் ஏற்றுமதிக்கும் உதவும் பயிர்களுக்கு அவற்றில் பக்கங்கள் அதிகம், கீரைக்கும் கிழங்குக்கும் குறைவு. சோதனை வயலில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் பெயர்களும், மடை திறந்தவர்களின் பெயர்களும், தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய விதையை ஒரு படி அளந்து கொடுத்த குடியானவர்களின் பெயர்களும் அங்கே இடம்பெறுவது அபூர்வம். கிச்சிலிச் சம்பாவைத் தேர்ந்தெடுத்தவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நெல்லை உயிரோடு வைத்திருந்தவர் பெயர் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பும் கடமை நம்முடையது. அதைக் கீழே சொல்கிறேன்.

உலகத்தில் மற்றவர்கள் இத்தகைய ஆவணங்களை எப்படிக் காக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கும் ஊக்கம் வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் விவசாயக் கல்லூரிக்கு 1906 முதல் 1924 வரை தலைவராக இருந்தவர் கென்யன் பட்டர்ஃபீல்டு. விவசாயக் கல்லூரி விளைச்சலைக் கூட்டினால் போதாது, கிராம வாழ்க்கையையே உயர்த்த வேண்டும் என்று வாதாடியவர். அவருடைய ஆவணங்களை ஆம்ஹர்ஸ்ட் நகரில் அந்தக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகம் இன்றும் அடுக்கி வைத்து, ஆராய வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறது. அந்த மனிதர் நம் நாட்டுக்கும் வந்தார். 1929-30இல் இந்தியக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அடுத்தடுத்து இருக்கும் பத்துப் பதினைந்து ஊர்களை ஒரே அலகாக வைத்து, பள்ளி, மருத்துவம், கூட்டுறவு, விவசாயம் எல்லாவற்றையும் சேர்த்து வளர்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. ஒரே வாய்க்காலில் குடித்து, ஒரே சந்தையில் விற்கும் நம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு அந்த யோசனை இன்றும் பொருந்தும்.

அலகாபாத் விவசாயக் கல்விக்கூடத்தை நிறுவி நீண்ட காலம் அதன் முதல்வராக இருந்த சாம் ஹிக்கின்பாட்டத்தின் ஆவணங்கள் வர்ஜீனியா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. பாஸ்டனில் தலைமை அமைப்பைக் கொண்ட அமெரிக்க மதுரை மிஷன் 1834 முதல் நம் சீமையில் இயங்கியது. பெரியகுளத்திலும் அதற்கு நிலையம் இருந்தது. அந்தத் தலைமை அமைப்பின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊரின் பஞ்சத்தையும் பள்ளியையும் அறிய ஒரு மாணவர் அத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறது. நம் ஊரில் நாம் சேர்த்து வைத்திருப்பது என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை.

காகிதத்தின் அருமையைப் பிறருக்குச் சொல்லலாம், நம் பள்ளத்தாக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னர் தரப்பும் இந்திய அரசுச் செயலர் தரப்பும் பெரியாறு அணைக்காகக் கையெழுத்திட்ட 999 வருடக் குத்தகைப் பத்திரத்தை நம் டீக்கடைப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை. அணை கட்டிய வரலாற்றை ஏ. டி. மெக்கன்சி என்ற பொறியாளர் 1899இலேயே நூலாக எழுதி வைத்தார். உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று அணையில் 142 அடி நீர்மட்டத்தை உறுதி செய்தபோது, அந்தப் பழைய பத்திரம் செல்லும் என்பது தீர்ப்பின் அடித்தளங்களில் ஒன்று. பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தண்ணீர் தந்த நன்றியை இவ்வளவு அழகாகக் காட்டத் தெரிந்த நமக்கு, அந்தத் தண்ணீரில் எதை விதைப்பது என்று தேடியவர்களின் எழுத்தைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்கும் ஆவணம்தான் துணை. ஒரு விளைபொருள் இந்த மண்ணுக்கு உரியது என்று ஊர்ப்பெருமையால் நிரூபிக்க முடியாது. எப்போது வந்தது, எங்கே பரவியது, எப்படி வளர்க்கிறோம் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பார்கள். அதே போல, 2001ஆம் வருடப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விவசாயிகள் காத்துவந்த ரகத்தை அவர்கள் பெயரில் பதிவு செய்யலாம். அதற்கும் அந்த ரகத்தின் குணங்களும் வரலாறும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தேட விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. விவசாயத் துறையின் ஆண்டறிக்கைகள், அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் அங்கே தேட வேண்டியவை. கோவைக் கல்லூரியைச் சார்ந்து 1913 முதல் வெளிவரும் மெட்ராஸ் வேளாண் ஆய்விதழின் பழைய தொகுதிகளையும் பாருங்கள். 1926இல் அமைந்த லின்லித்கோ தலைமையிலான விவசாய ராயல் கமிஷன் சென்னை மாகாணத்தில் பதிவு செய்த வாக்குமூலங்கள் தனித் தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. அட்டவணையில் ‘தேனி’ என்று தேடி ஏமாற வேண்டாம். நம் மாவட்டம் பிறந்தது 1996இல். அந்தக் காலத்துக் காகிதங்களில் நாம் மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா. அந்தத் தலைப்பில் தேடினால் கூடலூரும் போடியும் சின்னமனூரும் உங்களுக்கு அகப்படும்.

முதல்வர்களின் கோப்புகளில் விடுபட்டுப்போனவர்களைப் பற்றி முன்பு சொன்னேன். அவர்களின் எழுத்து உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. வாய்க்கால் பாசன சங்கத்தின் மினிட் புத்தகம், ஏலத் தோட்டத்தின் கூலிக் கணக்கு, திராட்சைப் பந்தலில் கவாத்து செய்த தேதிகள், கூட்டுறவு சங்க ரசீதுகள், அறுவடை முடிந்ததும் தாத்தா சுவரில் எழுதிய மூட்டைக் கணக்கு, விதை மாற்றிக்கொண்ட உறவினரின் கடிதம், இவை எல்லாமே வேளாண் ஆவணங்கள். வீடு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்பதும் கடினமில்லை. துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் முதலில் கழற்றுங்கள். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில வருடத்தில் தாளையே தின்றுவிடும். லேமினேஷன் வேண்டாம், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளிலிருந்து பிரிக்க முடியாது. ஈரச் சுவரை விட்டுத் தள்ளி, வெயில் படாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, எந்த ஊர், எந்த வருடம், யாருடைய கணக்கு என்ற விவரத்தையும் சேர்த்து, வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.

பழையதைக் காப்பதோடு புதியதையும் எழுத வேண்டும். பக்கம் பக்கமாக வேண்டாம், போகத்துக்கு ஒரு தாள் போதும். என்ன ரகம், விதை எங்கே வாங்கினோம், நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்து எப்போது நின்றது, என்ன உரம், எந்தப் பூச்சி எப்போது வந்தது, எதை அடித்தோம், கேட்டதா கேட்கவில்லையா, எத்தனை மூட்டை, என்ன விலை. தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ மடக்கி உழுதிருந்தால் அதையும் எழுதுங்கள். வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைக் கட்டாயம் எழுதுங்கள். அரசுக் கோப்புகள் விட்ட குறையை உங்கள் நோட்டு தீர்க்கட்டும். மகசூல் போன போகத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பேத்தி அந்தத் தாளைத்தான் முதலில் தேடுவாள்.

நம் பகுதி ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பெரியகுளம் கல்லூரிக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாணவர்களின் கிராம அனுபவப் பயிற்சிக் காலத்தில், தங்கும் ஊரின் பழைய கணக்குகளையும் பாசன சங்கப் பதிவுகளையும் படமெடுத்துப் பட்டியலிடுவதையும் ஒரு வேலையாகச் சேருங்கள். தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகும் பிள்ளைகள், ஊரிடமிருந்து ஒரு ஆவணத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினால் அந்தப் பட்டம் இன்னும் கனமாகும்.

நம் பத்திரிகையின் பங்காக, வரும் இதழ் முதல் ‘வயல் குறிப்பு’ என்று ஒரு பக்கத்தை உங்களுக்கு ஒதுக்குகிறோம். பழைய கணக்குத் தாளின் படமோ, இந்தப் போகத்தில் நீங்கள் எழுதும் குறிப்போ அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம், அது உங்கள் குடும்பச் சொத்து. விளைந்த கதையைப் போலவே விளையாத கதைக்கும் அந்தப் பக்கத்தில் சம இடம் உண்டு. எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், திருத்திக்கொள்வது எங்கள் வேலை. தேதியும் அளவும் சரியாக இருந்தால் போதும்.

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் நோட்டை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள். முதல் வரியாக இந்தப் போகம் நாற்று விட்ட தேதியை எழுதட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்